ஒரு சாட்சி போதாது!

இருட்டாம், அந்த இருட்டிலே ஓர் ஆற்றலாம், அந்த ஆற்றல்தான் அண்டமெங்கும் நிறைந்து நின்று, விண்மீன் கூட்டங்களை ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடச் செய்கிறதாம்! கண்ணால் காண முடியாதாம், கையால் தொட முடியாதாம், ஆனாலும் இருக்கிறதாம்! அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, அண்டத்தின் மொத்த இருப்பிலே 100-க்கு 68 பங்கு அதுதானாம்!

"இதென்ன, புதியதொரு சிதம்பர இரகசியமா? திரைக்குப் பின்னே ஏதுமில்லாத இடத்தைக் காட்டி, எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் வித்தையா?" என்று கேட்கத் தோன்றும். கேட்கட்டும். கேட்பவனே அறிவாளி. கேளாமல் தலையாட்டுபவனைக் கண்டு விஞ்ஞானம் மகிழ்வதில்லை.

ஆனால் ஒன்று. கேள்வி கேட்டவர், பதிலையும் இருந்து கேட்டிடல் வேண்டும். "நம்பு" என்று இந்த ஆராய்ச்சியாளர்கள் நம்மிடம் சொல்லவில்லை. "இதோ சாட்சி" என்கிறார்கள். "ஒரு சாட்சி போதாதா? இதோ இன்னொன்று, முதல் சாட்சிக்கும் இதற்கும் உறவில்லை, இரண்டையும் தனித்தனியே விசாரியுங்கள், பிறகு சேர்த்து நிறுத்தி விசாரியுங்கள்" என்கிறார்கள். அந்த விசாரணைதான் இன்று நாம் சொல்ல வந்த கதை.

கிணறு சொன்ன பாடம்

கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது. இதைக் குறிஞ்சிப்பாடிக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலே நெய்வேலி இருக்கிறது! 1930-களிலே ஜம்புலிங்க முதலியார் என்பவரது நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது, தண்ணீரோடு கரியதொரு பொருளும் வெளிப்பட்டது. மேலே முந்திரியும் மணிலாவும் விளைந்த செம்மண். கீழே எவர் கண்ணும் கண்டிராத பழுப்பு நிலக்கரி.

அந்த ஒரு கிணற்றைக் கண்டதும், "ஆகா, கிடைத்துவிட்டது!" என்று சுரங்கத்தைத் திறந்துவிட்டார்களா? இல்லை. இங்கே ஒரு துளை, அங்கே ஒரு துளை என்று பல இடங்களிலே துளையிட்டுப் பார்த்தார்கள். எல்லாத் துளைகளும் ஒரே கதையைச் சொன்ன பிறகுதான், நிலத்தடியில் எவ்வளவு தூரத்துக்குக் கரி படர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 1956-இல் நிறுவனம் பிறந்தது. ஒரு கிணறு ஐயத்தைத்தான் எழுப்பும். பல கிணறுகள் சேர்ந்தால்தான் உண்மை எழும்.

வானத்திலும் அதே முறைதான்.

முதல் கிணறு

அண்டம் விரிகிறது என்பதை அமெரிக்க வானியல் அறிஞர் ஹபிள் 1929-இல் எடுத்துக் காட்டினார். விரிகின்ற அண்டம் போகப்போக வேகம் தளர வேண்டும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். மேலே எறிந்த கல் தளர்கிறதல்லவா, அதுபோல! விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், விரிவுக்குக் கடிவாளம் விழும் என்று நினைத்தார்கள்.

1998-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர், தொலைதூரத்தில் வெடித்துச் சிதறிய விண்மீன்களின் ஒளியை அளந்து, தலைகீழான செய்தியைச் சொன்னார்கள். அந்த வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. எதிர்பார்த்ததைவிடத் தொலைவிலே இருந்தன. விரிவு தளரவில்லை, விரைகிறது! எறிந்த கல், கையைவிட்டுப் போன பிறகு வேகம் பிடித்து மேலேறுகிறது! அப்படித் தள்ளுகின்ற ஏதோ ஒன்றுக்கு 'இருண்ட ஆற்றல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்காக பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு பிறகு வந்தது. முதலில் வந்தது ஆட்சேபணை! "இடையிலே தூசு இருந்து ஒளியை மங்கச் செய்திருந்தால்? பழங்காலத்து வெடிப்புகள் இன்றைய வெடிப்புகளைப் போன்றவை அல்ல என்றால்?" நியாயமான கேள்விகள். இது ஒரு கிணறுதானே! வேறு கிணறு எங்கே என்று தேடினார்கள். இரண்டு கிடைத்தன.

கிழவனும் கூட்டமும்

ஒன்று, அண்டத்தின் மிகப் பழைய ஒளி. 1965-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலே வைத்திருந்த கொம்பு வடிவ ஏரியலில் ஓயாத இரைச்சல் ஒன்று கேட்பதாக அறிவித்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல். புறாக்களின் எச்சம்தான் காரணமோ என்று துடைத்தும் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது புறாவின் எச்சமல்ல. அண்டத்தின் பிள்ளைப்பிராயத்து எச்சம்! அண்டம் பிறந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது புறப்பட்ட ஒளி, 1,380 கோடி ஆண்டுகளாக நடந்து நடந்து, குளிர்ந்து குளிர்ந்து, நுண்ணலையாகி நம்மை வந்து தொடுகிறது. இதற்குப் பின்னணி நுண்ணலை என்று பெயர். இதிலே இடத்துக்கு இடம், இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சூட்டில் ஏற்றத்தாழ்வு உண்டு. 1989-இல் அனுப்பிய கோபி, 2001-இல் அனுப்பிய டபிள்யூமேப், 2009-இல் ஐரோப்பியர் அனுப்பிய பிளாங்க் ஆகிய விண்கலங்கள் அந்த ஏற்றத்தாழ்வை வர வர நுட்பமாகப் படமெடுத்தன. இவர்தான் முதல் சாட்சி: நேரில் கண்ட கிழவர்.

இரண்டாவது சாட்சி தனி ஆளல்ல, பெருங்கூட்டம்! வானிலே பரந்து கிடக்கும் விண்மீன் திரள்கள். ஒவ்வொன்றிலும் கோடி கோடி விண்மீன்கள். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவது. வீடு வீடாகச் சென்று மக்கள்தொகைக் கணக்கெடுக்கிறார்களே, அதே வேலை, வீதிதான் வானம்!

கிழவர் அன்றைய கதையைச் சொல்வார். கூட்டம் இன்றைய நிலையைச் சொல்லும். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே என்ன நடந்தது? அது இருவரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டால்தான் விளங்கும்.

கழித்தல் கணக்கு

இருவரும் சேர்ந்து சொன்ன முதல் செய்தி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் கழித்தல் கணக்கு.

பழைய ஒளியிலுள்ள புள்ளிகளின் உண்மையான அளவு பௌதிகக் கணக்கால் தெரியும். அவை நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்று அளந்தால், அண்டவெளி வளைந்ததா, தட்டையா என்பது தெரியும். தட்டை என்று வந்தது. தட்டையாக இருக்க வேண்டுமானால் மொத்த இருப்பு இவ்வளவு என்று கட்டாயம். அதை 100 என்று வைத்துக்கொள்வோம்.

விண்மீன் திரள்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்திருக்கும் பாங்கைப் பார்த்தால், சேர்த்துப் பிடிக்கின்ற பொருள் எவ்வளவு என்று தெரியும். நாம் அறிந்த அணுக்களால் ஆனது 5, ஒளி விடாத, ஆனால் ஈர்க்கின்ற இருண்ட பொருள் 27, கூட்டினால் 32.

பெட்டியிலே 100 இருக்கிறது என்கிறார் ஒருவர். பேரேட்டிலே 32-க்குத்தான் கணக்கு இருக்கிறது என்கிறார் மற்றவர். மீதி 68 எங்கே? வெடித்த விண்மீன்களின் துணையின்றியே, இந்தக் கழித்தல் அதே இருண்ட ஆற்றலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது! 1998-க்கு முன்பே, 1990-இல், எஃப்ஸ்டாதியூ, சதர்லாந்து, மாடக்ஸ் ஆகிய மூவர் விண்மீன் திரள்களின் கணக்கெடுப்பை வைத்து இப்படி ஒரு பாக்கி இருந்தாக வேண்டுமென்று எழுதியிருந்தார்கள். அன்று ஒரே ஒரு துளை, உலகம் பொறுத்திருந்தது. பொறுத்திருந்ததில் தவறில்லை.

பாவும் ஊடையும்

கழித்துக் கண்டது மட்டும் போதுமா? ஆற்றல் தன் கைவரிசையைக் காட்டுகின்ற இடத்திலேயே பிடித்திட முடியாதா? அதற்கும் வழி பிறந்தது.

சைக்கிளில் செல்கிறோம். வழியிலே ஒரு பள்ளம். இறங்கும்போது வேகம் கூடுகிறது. ஏறும்போது அதே அளவு குறைகிறது. வரவும் செலவும் சரி. ஆனால் நாம் பள்ளத்துக்குள் இருக்கும்போதே யாரோ மண்ணைக் கொட்டி அதன் ஆழத்தைக் குறைத்துவிட்டால்? இறங்கியது ஆழமான பள்ளத்தில்; ஏறியது ஆழமில்லாத பள்ளத்திலிருந்து. கொஞ்சம் வேகம் மிச்சம்!

விண்மீன் திரள்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்த இடம், ஈர்ப்பின் பள்ளம். பழைய ஒளி அதிலே இறங்கி ஏறி வருகிறது. கடந்து வருவதற்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பொருள் மட்டுமே ஆளுகின்ற அண்டமானால் பள்ளம் மாறாது. வரவும் செலவும் சரியாகும். இருண்ட ஆற்றல் இருந்தால், அது வெளியை விரித்து விரித்துப் பள்ளத்தை ஆழம் குறையச் செய்யும். அந்த வழியாக வந்த ஒளி இம்மியளவு கூடுதல் சூட்டோடு வெளிவரும். ஒளி இப்படி மாறக்கூடுமென்று 1967-இல் சாக்ஸ், உல்ஃப் என்ற இருவர் சொன்னார்கள். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் இதைப் பிடிக்கலாம் என்று 1996-இல் கிரிட்டன்டன், டூராக் என்ற இருவர் வழி சொன்னார்கள்.

குறிஞ்சிப்பாடி, தறியின் ஒலி கேட்டு வளர்ந்த ஊர். பாவு மட்டும் இருந்தால் அது நூல். ஊடை மட்டும் இருந்தாலும் அது நூல். பாவின் குறுக்கே ஊடை ஓடிய பிறகுதான் அது துணி, அதிலேதான் கட்டம் தெரியும், கரை தெரியும் என்பதை நெசவாளத் தோழர்கள் அறிவார்கள். அதே வேலைதான் இங்கும். பழைய ஒளியின் படம் பாவு. விண்மீன் திரள்களின் படம் ஊடை. திரள்கள் நெருங்கிய திசைகளிலே ஒளி சற்றே சூடாக இருக்கிறதா? இருக்கிறது என்று 2004-இல் பவ்ன், கிரிட்டன்டன் இருவரும் எடுத்துக் காட்டினார்கள். ஊடையாக அவர்கள் கொண்ட நூல்களிலே ஒன்று, ரேடியோ அலைகளை வீசுகின்ற விண்மீன் திரள்களின் பட்டியல்.

மெலிந்த அடையாளம்தான், மறுக்கவில்லை. ஒரு பாகையின் பத்து இலட்சத்தில் சில பங்கு சூடு. தனித்தனிப் படத்திலே தேடினால் ஆயுளெல்லாம் தேடினாலும் கிடைக்காது. சேர்த்து நெய்ததால் தெரிந்தது.

மலை கொடுத்த வாக்குமூலம்

"எல்லாம் வெள்ளைக்காரன் வேலை! நமக்கு இதிலே என்ன பங்கு?" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. ரேடியோ அலை வீசும் திரள்கள் என்றோமே, அவற்றை விசாரித்த வழக்கிலே தமிழ்நாட்டு மலையொன்று சாட்சிக் கூண்டேறியிருக்கிறது. குறிஞ்சிப்பாடிக்குப் பெயரிலேதான் குறிஞ்சி. உண்மைக் குறிஞ்சி நிலமாம் நீலகிரிக்கு வாருங்கள்.

உதகைக்கு அருகே முத்தோரையில் 1970-இல் ஒரு ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வரிசையாக 24 சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள். மலைச்சரிவை அவர்கள் தேர்ந்தெடுத்ததிலேதான் நுட்பம். அந்த இடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்று மேல். ஏறத்தாழ நமது குறிஞ்சிப்பாடி இருக்கும் அதே அளவு. சரிவும் அதே 11 பாகை! ஆகவே தொலைநோக்கியின் அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சிலே திருப்பினால் போதும். ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக ஒரு பொருளைப் பின்தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், இந்த நாட்டுப் பொறியாளர்கள் வகுத்து, இந்த நாட்டுத் தொழிலாளர் கட்டியது.

என்ன செய்தது அது? சந்திரன் நகரும்போது தொலைவிலுள்ள ரேடியோ திரளை மறைக்குமல்லவா? அலை எந்தக் கணத்தில் நிற்கிறது, எப்படி மங்கி நிற்கிறது என்று பார்த்து, அந்தத் திரளின் அளவைக் கணித்தது. சந்திரனையே அளவுகோலாக்கி, நூற்றுக்கணக்கான திரள்களை அளந்தது.

அக்காலத்தில் பெரியதொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அண்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பது, அதற்குத் தொடக்கமில்லை என்று 1948 முதல் வாதாடியவர் ஹாயில். பின்னர் அவருக்குத் தோள் கொடுத்தவர் இந்திய அறிஞர் நார்லிகர். 1965-இன் பழைய ஒளி அதற்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தது. 1975-இல் ஸ்வரூப்பும் கபாஹியும் உதகையின் அளவுகளைக் கொண்டு, தொலைவிலுள்ள, அதாவது பழங்காலத்துத் திரள்கள், இன்றுள்ளவை போன்றவை அல்ல, அண்டம் மாறி வந்திருக்கிறது என்று வாதிட்டார்கள். நம்மவர் கொள்கையாயிற்றே என்று நீலகிரி மலை வாய் மூடிக்கொள்ளவில்லை! அளந்ததை அளந்தபடி சொல்லிற்று. அதுதான் நாம் பெருமைப்படத்தக்க பங்கு.

வழக்கு முடியவில்லை

"சரி, இருண்ட ஆற்றல் நிரூபணமாகிவிட்டது, பெட்டியை மூடு" என்று சொன்னார்களா? அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது!

ஐன்ஸ்டைன் 1917-இல், அண்டம் அசையாதது என்று எண்ணி, அதை அப்படியே நிறுத்தி வைக்கத் தம் சமன்பாட்டிலே ஒரு மாறிலியைச் சேர்த்தார். விரிகிறது என்று தெரிந்ததும் 1931-இல் தாமே அதை அடித்துவிட்டார். 1998-க்குப் பிறகு அதே மாறிலியை அறிஞர்கள் திரும்ப எடுத்தார்கள். இருண்ட ஆற்றல் என்பது அதுவே, காலத்தால் கூடாது, குறையாது என்று கொண்டார்கள். உண்மையிலேயே மாறாததா?

பெருமாள் ஏரியிலே ஒரு கல்லை எறிந்தால் வட்டம் வட்டமாக அலை எழும். அலை ஓடுகின்ற வேளையில் ஏரி நீர் சட்டென்று உறைந்துவிட்டால், வட்டம் அப்படியே நின்றுவிடும். அண்டத்தின் இளமையிலும் அப்படித்தான் ஒலி அலைகள் ஓடி, பழைய ஒளி புறப்பட்ட வேளையில் நின்றுபோயின. அந்த வட்டத்தின் தழும்பு, விண்மீன் திரள்களின் அடுக்கிலே இன்றும் இருக்கிறது. இன்றைய அளவில் ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டு. 2005-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கிழவர் கையிலும் அதே முழக்கோல், கூட்டத்தின் கையிலும் அதே முழக்கோல்! ஒவ்வொரு காலத்திலும் அது எவ்வளவு நீண்டது என்று பார்த்தால், விரிவின் வரலாறே கைக்கு வந்துவிடும்.

இதற்காகவே அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் சிகரத்தில் 4 மீட்டர் தொலைநோக்கியில் டெசி என்ற கருவியைப் பொருத்தினார்கள். 5,000 ஒளி இழைகள். ஒவ்வொன்றையும் இயந்திர விரல் ஒரு திரளை நோக்கித் திருப்பும். 2021-இல் கணக்கெடுப்பு தொடங்கிற்று. 2024 ஏப்ரலில் முதலாண்டு முடிவு. 2025 மார்ச்சில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடித் திரள்களையும் குவாசர்களையும் கொண்ட மூன்றாண்டு முடிவு.

என்ன முடிவு? டெசியைத் தனியே கேட்டால், பழைய கொள்கையோடு ஒத்துப்போகிறது. பழைய ஒளியைத் தனியே கேட்டாலும் அப்படியே. இருவரையும் ஒன்றாக நிறுத்தினால், முணுமுணுப்பு கேட்கிறது! இருண்ட ஆற்றல் மாறாதது அல்ல, அண்மைக் காலத்தில் அது தளர்ந்து வருகிறது என்று கொண்டால்தான் இருவர் சொல்லும் நன்றாகப் பொருந்துகிறது. இது தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு அளவு. விஞ்ஞானிகளின் கணக்கில் 3.1 சிக்மா. வெடித்த விண்மீன்களையும் சேர்த்தால், எந்தப் பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதற்கேற்ப 2.8-லிருந்து 4.2 வரை.

ஆயிரத்தில் இரண்டு! கடைத்தெரு வதந்திக்கு இதிலே நூறில் ஒரு பங்கு உறுதி இருந்தால், "நிச்சயம்! நிச்சயம்!" என்று ஊரே முழங்கும். இவர்களோ, "5 சிக்மா வரட்டும்; தற்செயல் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போகட்டும்; அதுவரை கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லமாட்டோம்" என்றார்கள். கருவியிலே பிழையா, வெடிப்புகளின் பட்டியலிலே பிழையா என்று தம் சாட்சியைத் தாமே குறுக்கு விசாரணை செய்கிறார்கள். மேலும் சாட்சிகளைத் தேடி, 2023-இல் யூக்ளிட் விண்கலத்தை ஐரோப்பியர் ஏவினர். சிலி நாட்டு மலையில் ரூபின் வானாய்வகம் 2025-இல் முதல் படங்களை வெளியிட்டது.

தளர்வது உண்மையானால் அண்டத்தின் எதிர்காலமே வேறாகும். மாறாத ஆற்றலானால், முடிவின்றி விரிந்து, திரள்கள் ஒன்றுக்கொன்று கண்மறையப் போய்விடும். தளரும் ஆற்றலானால், அந்தத் தீர்ப்பை எழுதும் பேனாவைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

பூட்டு எங்கே?

"நூல் விலை ஏறுகிறது, கூலி ஏறவில்லை; இந்த நேரத்திலே வானத்துக் கணக்கா?" என்று கேட்கும் தோழருக்கு மரியாதையோடு சொல்கிறோம். கூலிக் கேள்வியை விட்டுவிட்டு வானத்தைப் பார் என்று நாம் சொல்லவில்லை. கூலிக் கணக்கிலே ஏமாறாதிருக்க எந்த அறிவு வேண்டுமோ, அதே அறிவுதான் இது. முதலாளி காட்டும் பேரேடு ஒரு சாட்சி. நெய்த சேலையின் எண்ணிக்கை இன்னொரு சாட்சி. இரண்டையும் ஒப்பிடு, மிச்சம் எங்கே போயிற்று என்று கேள்! அதைத்தான் ஆராய்ச்சியாளர் வானத்திடம் கேட்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. நெஞ்சிலே தைக்க வேண்டிய செய்தி. பிளாங்க் விண்கலத்தின் படங்கள் உலகோர் அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. டெசியின் முதல் தொகுப்பு, ஒரு கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வான்பொருள்களின் விவரம், 2025 மார்ச்சில் இலவசமாக வெளியிடப்பட்டது. சீமான் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொகுப்பு, நெசவாளி மகளுக்கு ஒரு தொகுப்பு என்று இல்லை. பாவும் ஊடையும் தயாராகக் கிடக்கின்றன. இந்தச் சிதம்பர இரகசியத்துக்குத் திரையே இல்லை!

பின் ஏன் குறிஞ்சிப்பாடிப் பெண்ணொருத்தி அதைத் திறந்து பார்த்திடவில்லை? கதவு திறந்திருக்கிறது, படிக்கட்டுதான் இல்லை. பின்னணி நுண்ணலை என்றால் என்ன, சிக்மா என்றால் என்ன என்று அவளுக்கு அவள் மொழியிலே விளக்கும் புத்தகம் வேண்டும். கணக்கு என்றாலே அச்சம் என்ற நிலை போக வேண்டும். ஊர் நூலகத்திலே கணிப்பொறி வேண்டும், பள்ளியிலே ஒரு சிறு தொலைநோக்கி வேண்டும். பக்கத்திலே, சிதம்பரத்தில், 1929 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பௌதிகம் கற்றவர்கள் மாதம் ஓர் இரவு நெசவாளர் தெருவுக்கு வந்து, தமிழிலே வானத்தைக் காட்டினால் போதும். கோடிகள் கேட்கவில்லை நாம், படிக்கட்டு கேட்கிறோம்.

முத்தோரை மலைச்சரிவிலே ஒரு நாள் அந்தப் படிக்கட்டைக் கட்டினார்கள். உலக வழக்கிலே தமிழகத்து மலை சாட்சி சொன்னது. இருண்ட ஆற்றலின் வழக்கு இன்னும் நடக்கிறது, தீர்ப்பு எழுதப்படவில்லை, சாட்சிகள் கூண்டிலே நிற்கிறார்கள். குறுக்கு விசாரணைக்கு ஆட்கள் தேவை!

நம் பிள்ளைகள் எழுந்து கேட்கட்டும்: "ஒரு சாட்சி போதாது, அடுத்த சாட்சி எங்கே?"